இவருக்குப் பாடமான ஒரே இலக்கம்

2007 மே 8, செவ்வாய்

காலையில் போனைக் கையில் கொடுக்கும்போது பூரணி இன்றும் முணுமுணுத்தாள். “சட்டைக்குள்ள வைச்சால் வியர்வை படுதம்மா. பழுதாப் போகும்.” பழுதாப் போகும் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு சொப்பிங் பையைக் கிழித்து, போனைச் சுற்றிக் கொடுத்தேன்.

போன வருஷச் சண்டைக்குப் பிறகு துறைமுக வாசலில் நேவி யாருடைய போனையும் உள்ளே விடுவதில்லை. காலையில் வேலைக்குக் கந்தோருக்குள் போனால் பின்னேரம் வரை எனக்கு வெளியுலகமே இல்லை. வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும். ஆகவே போன் அவளோடு பள்ளிக்கூடம் போகிறது.

இது இவருடைய போன், பூரணியின் அப்பாவுடையது. மார்ச் மாதம், இவர் படகு எஞ்சின் திருத்துகிற கடை வாசலில் வைத்து இவரை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனபோது, போன் குசினி யன்னலில் சார்ஜில் கிடந்தது. எங்கள் வீட்டில் இருப்பது இந்த ஒன்றுதான். இவருக்குப் பாடமான இலக்கமும் இது ஒன்றுதான்.

மே 9

போன் அடிக்கவில்லை.

மே 13, ஞாயிறு

பூரணி இன்று சாப்பிடும்போது கேட்டாள். “அந்தப் பெடியன் பொய் சொல்லியிருந்தால் என்னம்மா செய்யிறது?”

அவனுக்கு ஏன் பொய்? சித்திரை விடுமுறையில் இந்தப் போனுக்கு எடுத்தான். பெயர் சொல்லவில்லை. குரலைக் கேட்டால் இருபது வயதுக்கு மேல் இராது. “அக்கா, நான் யோகலிங்கம் அண்ணையோட இருந்தனான். என்னை விட்டிட்டாங்கள். அண்ணை உயிரோட இருக்கிறார். உங்கட நம்பரை எனக்குப் பாடமாக்கித் தந்தவர்.” எந்த இடம் என்று கேட்டேன். தெரியாதாம், கண்ணைக் கட்டித்தான் கொண்டுபோனார்களாம். “அங்க ஒரு ஆமிக்காரன் இருக்கிறான், நல்ல மனிசன். கிழமை நாளில பகல்ல அவன்ர டியூட்டி. ஏலுமெண்டால் தன்ர போனைக் குடுப்பன் எண்டு அண்ணைக்குச் சொன்னவன். பகல்ல மட்டும் போனை நிப்பாட்டிப்போடாதையுங்கோ அக்கா.”

இவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பெடியனும் எடுக்கவில்லை.

பகல். கிழமை நாள். நான் துறைமுகத்துக்குள் அடைந்து கிடக்கிற நேரம். அழைப்புகளைக் கந்தோர் தொலைபேசிக்குத் திருப்பலாமா என்று போன் கடையில் விசாரித்தேன். ஏலுமாம். ஆனால் கந்தோர் தொலைபேசி நேவி அதிகாரியின் மேசையில் இருக்கிறது.

வேலையை விட்டால்? விட்டால் எதைச் சாப்பிடுவது?

மே 18, வெள்ளி

பூரணி அழுதபடி வந்தாள்.

போன கிழமை வேறொரு பள்ளிக்கூடத்துப் பெடியனைச் சோதனைச்சாவடியில் மறித்திருக்கிறார்கள். அவனுடைய போனில் யாரோ அனுப்பிய படமொன்று இருந்ததாம். என்ன படம் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பெடியன் இன்னும் வீடு திரும்பவில்லை. அதோடு ஆமிக்காரர் ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் போய் அதிபர்மாரிடம் கதைத்திருக்கிறார்கள்.

இன்று காலைக் கூட்டத்தில் அதிபர் சொன்னாவாம்: திங்கட்கிழமையிலிருந்து எந்தப் பிள்ளையும் போன் கொண்டுவரக் கூடாது. வாசலில் பை சோதிப்பார்கள். பிடிபட்டால் தவணை முடியும் வரை அலுமாரிக்குள்தான் இருக்கும்.

“எல்லாரும் கை தட்டினவையம்மா. நான் மட்டும்…”

நான் மட்டும் சட்டைக்குள்ளே அப்பாவை வைத்துக்கொண்டு நின்றேன் என்று சொல்ல வந்தாளோ? முடிக்கவில்லை.

மே 21, திங்கள்

அரைநாள் லீவு போட்டு அதிபரிடம் போனேன். வள்ளிநாயகி மிஸ். ஓய்வு பெற இன்னும் இரண்டு மூன்று வருஷம்தான் இருக்கும். கடுமையான மனுஷி என்று ஊரே சொல்லும். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னா. எல்லாவற்றையும் சொன்னேன். பெடியனின் அழைப்பு, பகல் நேரம், துறைமுக வாசல், ஒன்றையும் விடவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டா.

பிறகு சொன்னா: “ஏலாது, குணேஸ்வரி.”

“ஒரு பிள்ளைக்கு மட்டும் மிஸ். சத்தம் வராமல் வைச்சிருப்பாள்.”

“அந்த இலக்கம் ஆருக்குத் தெரியும்? உங்கட அவருக்குத் தெரியும், அவரோட இருந்த பெடியனுக்குத் தெரியும். அவரைக் கொண்டுபோனவங்களுக்குத் தெரியாதெண்டு உங்களால சொல்ல ஏலுமோ? நாளைக்கு அவங்கள் வகுப்புக்குள்ள வந்து இந்தப் போன் ஆரின்ர எண்டு கேட்டால், எழும்பி நிக்கப்போறது பூரணி. அண்டைக்கு நான் என்ன செய்ய?”

அவ சொன்னது பிழையில்லை என்று தெரிந்தது. அதுதான் இன்னும் கொதித்தது. பிழையாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

எழும்பும்போது கேட்டுவிட்டேன். “மிஸ், உங்கட வீட்டில ஒருத்தரைக் கொண்டுபோயிருந்தால்?”

அவ தலையைக் குனிந்து ஏதோ கோப்பைப் பார்த்தா. நான் வந்துவிட்டேன்.

மே 24

பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம் அக்காவிடம் போனைக் கொடுத்து வைத்தேன். பகலில் வீட்டில் இருக்கிற மனுஷி. “இதென்ன பெரிய வேலையே, தா” என்று வாங்கிக் குசினித் தட்டில் வைத்தா. எவ்வளவு நிம்மதியாகக் கந்தோருக்குப் போனேன்!

மே 26, சனி

அக்கா போனை ஒரு துவாய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்துவிட்டா. என் முகத்தைப் பார்க்கவில்லை. “குறை நினைக்காதை தங்கச்சி. லிங்கநகரில நேற்றும் சுற்றிவளைப்பு. எங்கட அவர் பயப்பிடுறார். வளர்ந்த பெடியன் இருக்கிற வீடு.”

குறை நினைக்கவில்லை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மே 28, திங்கள்

பூரணியைப் பள்ளிக்கூடம் விடவில்லை.

அரசாங்கச் சோதனை, சாதாரண தரப் பரீட்சை, மார்கழியில். தெரியாமலா செய்கிறேன்? நேற்று முழுக்க யோசித்துப் பார்த்தேன், வேறு ஒரு வழியும் இல்லை. “கொஞ்ச நாளைக்குப் பிள்ளை. அப்பா எடுக்கும் வரைக்கும்” என்றேன். “ஓம்” என்றாள். ஒரு சொல்தான். சீருடையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

ஜூன் 4

அடிக்கவில்லை. ஒரு தடவை அடித்ததாம், போன் கொம்பனியின் விளம்பரமாம். பிள்ளை அந்த விளம்பரத்தைக் கடைசி வரை கேட்டிருக்கிறாள்.

ஜூன் 7

பின்னேரம் வந்தபோது கணக்குப் புத்தகம் விரித்தபடி கிடந்தது, அதன் நடுவில் போன். போனைப் பார்த்தபடியே இருந்தாள். காலையில் நான் வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு, கை கழுவப் போகிற நேரம் அடித்தால் என்ன செய்வது என்கிறாள்.

கடவுளே, நான் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அவரையும் காணேல்லை, இவளும் என்ர கண்ணுக்கு முன்னாலேயே இல்லாமல் போறாள்.

ஜூன் 12, செவ்வாய்

வகுப்பாசிரியை ஸல்ஹா ரீச்சர் வீட்டுக்கு வந்தா. மூதூரில் இருந்து போன ஓகஸ்டில் ஓடிவந்த குடும்பம், இப்போது இங்கே வாடகை வீட்டில். காய்ச்சல் என்று சொல்லச் சொல்லிப் பூரணிக்குப் பழக்கியிருந்தேன். ரீச்சர் அவளை ஒரு தடவை பார்த்தா, மேசையில் கிடந்த போனை ஒரு தடவை பார்த்தா. காய்ச்சலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“குணேஸ்வரி அக்கா, என்ட வகுப்பில கணக்குக்கு முதலாவது இவதான். வெள்ளிக்கிழமை தவணைப் பரீட்சை தொடங்குது. அதுக்காவது அனுப்புங்கோ.”

“போனை என்ன செய்யிறது ரீச்சர்? நீங்கள் வைச்சிருப்பீங்களோ?”

அவ சேலைத் தலைப்பை விரலில் சுற்றினா. “வாத்தியார்மாரும் வகுப்புக்குள்ள கொண்டுபோகேலாது எண்டு போட்டிருக்காங்க. நான் மிஸ்ஸோட ஒருக்கா கதைச்சுப் பாக்கிறன். வாக்குக் குடுக்க மாட்டன்.”

ஜூன் 14

கதைத்தாவாம். மிஸ் சம்மதிக்கவில்லையாம்.

பூரணி முதல் தடவையாக என்னோடு சத்தம் போட்டாள். “அப்பா வந்து, ஏன் படிக்கேல்லை எண்டு கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கோ!” பிறகு அவளே வந்து என் மடியில் படுத்தாள். நாளைக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். போன்? சோற்றுப் பெட்டியில் இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் போனை வைத்து மேல்தட்டில் புட்டு வைக்கலாம் என்றாள். சத்தத்தை நிறுத்தி, அதிர மட்டும் வைத்திருக்கிறாள்.

ஜூன் 15, வெள்ளி

பிடிபட்டது.

வாசலிலேயே. பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். மிஸ் தன் கையாலேயே வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாவாம். பூரணியைப் பரீட்சை எழுத விட்டார்கள். என்ன எழுதினாளோ.

கந்தோரிலிருந்து வந்து விஷயம் தெரிந்ததும், உடுத்த சேலையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். எல்லாரும் போய்விட்டார்கள். சின்னராசா ஐயா, அங்கே எடுபிடி வேலை செய்கிறவர், கதவுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார். மிஸ் காலையிலேயே கூட்டமொன்றுக்காகக் கொழும்புக்குப் போய்விட்டாவாம். அலுமாரித் திறப்பும் அவவோடு போய்விட்டது. திங்கட்கிழமைதான் வருவாவாம்.

“ஐயா, வேற திறப்பு இல்லையோ? ஒரு திறப்பும் இல்லையோ?”

“இல்லையம்மா.” நின்றார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். “இடைவேளைக்கு முதல், அலுமாரி உறுமினதம்மா. இரும்பு அலுமாரியெல்லே, உள்ளுக்குள்ள இருந்து முழுக்க அதிர்ந்தது. நிக்கும், திரும்ப அதிரும். நான் முன்னால நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டனான். கையை வைச்சும் பாத்தனான். என்னால என்ன செய்ய ஏலும்?”

இவர் எடுத்திருக்கிறார். வேறு யார் எடுப்பார்? திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 16, சனி

காலையில் இவருடைய சுத்தியலையும் ஒரு உளியையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். பூரணி கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். அலுமாரியை உடைப்பது. அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் நடக்கட்டும்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரில் காவலரண். ஆமிக்காரன் கையைக் காட்டி மறித்தான். “மொனவத?”, என்னவென்று சிங்களத்தில் கேட்டபடி பையைத் தொட்டான். சுத்தியலை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கெதர தொர” என்றேன், வீட்டுக் கதவு என்று. கதவு திருத்தப் போகிறேன் என்று சொல்லத் தெரியவில்லை, கையால் அடித்துக் காட்டினேன். அவனுக்குப் பூரணியின் வயதைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், அவ்வளவுதான். என் நெற்றிப் பொட்டைப் பார்த்தான், கழுத்துத் தாலியைப் பார்த்தான். சுத்தியலைத் திருப்பித் தந்து, போ என்று காட்டினான். பள்ளிக்கூடப் பக்கம் இல்லை. வந்த வழியே.

திரும்பி வந்தேன். அந்தப் பொழுதில் சுட்டிருந்தால் பூரணிக்கு யார்? வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் அந்த நினைப்பே வந்தது. வாசலிலேயே இருந்து குழறி அழுதேன். பாக்கியரத்தினம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தானும் அழுதா.

ஜூன் 17

அடித்துக்கொண்டிருக்குமோ? சார்ஜ் இருக்குமோ?

அவர் என்ன நினைப்பார்? பிள்ளைக்கும் எனக்கும் ஏதோ நடந்துவிட்டது என்றுதானே நினைப்பார்.

ஜூன் 18, திங்கள்

கந்தோருக்குப் போகவில்லை. மணி அடிக்க முதலே பள்ளிக்கூட வாசலில் நின்றேன். மிஸ் கொழும்பு பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு வந்தா. சின்னராசா ஐயா ஏற்கனவே சொல்லியிருக்க வேண்டும். நேரே அலுமாரியைத் திறந்து போனைத் தந்தா.

செத்துக் கிடந்தது. மிஸ்ஸின் மேசைக்கு அருகே செருகிச் சார்ஜ் ஏற்றினோம். வெளிச்சம் வந்ததும் தவறிய அழைப்புகள் தெரிந்தன. எல்லாம் வெள்ளிக்கிழமை, எல்லாம் ஒரே இலக்கம். அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். ஒரு ஆண் குரல் “கவுத?” என்றது, யாரென்று. “யோகலிங்கம்… யோகலிங்கத்தின்ர மனிசி” என்றேன். மூச்சுச் சத்தம் கேட்டது. வைத்துவிட்டான். திரும்ப எடுத்தால் நிறுத்தி வைத்திருக்கிறான்.

அப்போது நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று முழுக்க ஞாபகமில்லை. உங்கட சட்டத்தை நீங்களே அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ என்றேன். என்ர மனிசன் செத்தால் உங்களால்தான் என்றேன். வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மிஸ் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தா. தன் கதிரையில் இல்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. நான் ஓயும் வரை இருந்தா.

“நாளைக்குப் பூரணி வரவேணும். ஒவ்வொரு நாளும் வரவேணும். போனும் வரட்டும். பிள்ளையிட்ட இல்லை. நீங்கள் கந்தோருக்குப் போற வழியில கொண்டுவந்து என்ர கையில தாங்கோ. இந்த மேசையில இருக்கும்.”

“அவங்கள் வந்து கேட்டால்?”

“என்ர போன் எண்டு சொல்லுவன்.”

“மிஸ், அது…”

“பிள்ளையளின்ர பைக்குள்ள போன் இருக்கக் கூடாது. அதில நான் மாற மாட்டன். என்ர மேசையில என்ன இருக்கிறது எண்டு நான்தான் முடிவெடுக்கிறது.”

ஜூன் 25

ஒவ்வொரு காலையும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பின்னேரம் வாங்குகிறேன். “இல்லை” என்று மிஸ் தலையை ஆட்டுவா. கையில் வாங்கும்போது போன் சூடாக இருக்கும், நாள் முழுக்கச் சார்ஜில் கிடந்த சூடு.

ஜூலை 3

இல்லை.

ஜூலை 6

இல்லை. இனி இல்லையோ?

அந்த ஆமிக்காரன் பயந்துவிட்டான். நான் எடுத்ததால் பயந்துவிட்டான். ஏன் எடுத்தேன்? எடுக்காமல் எப்படி இருந்திருப்பேன்?

ஜூலை 11, புதன்

இதை எழுதிவைக்க வேண்டும்.

பின்னேரம் துறைமுக வாசலால் வெளியே வந்தேன். எதிரில் பூரணியும் ஸல்ஹா ரீச்சரும் நின்றார்கள். பிள்ளை சீருடையில், கடும் வெயிலுக்குள். யாரோ செத்த செய்தி கொண்டுவருகிறவர்கள்தான் அப்படி இரண்டு பேராக வருவார்கள். பூரணி ஓடிவந்து கட்டிப்பிடித்து, “கதைச்சனானம்மா, அப்பாவோட கதைச்சனான்” என்றாள்.

இப்படித்தான் நடந்திருக்கிறது. கல்விக் கந்தோரிலிருந்து வந்த பெரியவர் ஒருவரோடு மிஸ் கதைத்துக்கொண்டிருந்தாவாம். போன் அடித்திருக்கிறது. அவர் வாக்கியத்தை முடிக்க முதலே மிஸ் எடுத்து, “நான் பூரணியின்ர அதிபர்” என்றாவாம். அந்தப் பக்கத்தில் இவர் பயந்துபோய், “பிள்ளைக்கு என்ன?” என்று கேட்டிருக்கிறார். “பிள்ளைக்கு ஒண்டுமில்லை. போனை வையாதையுங்கோ. வாறா.” சின்னராசா ஐயா இந்த வயதில் மாடிப்படி ஏறி ஓடினாராம்.

“அப்பா என்னம்மா கேட்டவர் தெரியுமோ? இண்டைக்குப் பள்ளிக்கூடம் போகேல்லையோ எண்டு! பள்ளிக்கூடத்திலதான் அப்பா நிக்கிறன் எண்டன். பிறகு அழுதவர்.”

தெற்கே, காலி நகரப் பக்கமாக ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றியிருக்கிறார்களாம். பெயர் பதிந்தாயிற்றாம். செஞ்சிலுவைக்காரரிடம் சொல்லச் சொன்னாராம். அந்த வெள்ளிக்கிழமை பதில் இல்லாததால் எங்களையும் கொண்டுபோய்விட்டார்கள் என்று நினைத்தாராம். அதற்குப் பிறகு அந்த நல்லவனும் போன் தரப் பயந்துவிட்டானாம். இன்றைக்குத் தந்தது புது முகாமில் வேறொருவன். நிமிஷக் கணக்கில்தான் கதைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டாராம். சுகமாக இருக்கிறா என்று பிள்ளை சொன்னாளாம்.

அந்த நேரம் நான் கந்தோரில் கப்பல் சாமான் விபரம் தட்டச்சடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றும் என்று சொல்வார்களே. ஒன்றுமே தோன்றவில்லை.

ஓகஸ்ட் 18, சனி

நேற்றுப் பார்த்தோம். போக ஒரு நாள், வர ஒரு நாள். இடையில் வலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் இவர். பாதியாகிவிட்டார். முன்பல் இரண்டு இல்லை. கேட்டேன், வாயைக் கையால் மூடிக்கொண்டு “விழுந்தனான்” என்றார். நான் மேலே கேட்கவில்லை. பூரணியிடம் கணக்குப் புள்ளி கேட்டார். அவள் ஒரு புள்ளி கூட்டிச் சொன்னாள்.

எப்போது விடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எங்கே இருக்கிறார் என்று தெரியும். மாதம் ஒருமுறை பார்க்கலாமாம். இப்படி ஒரு செய்திக்குச் சந்தோஷப்படுவேன் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

செப்டம்பர் 17, திங்கள்

போனைக் கொடுக்க இல்லை, சொல்லிவிட்டு வர இன்று காலை மிஸ்ஸிடம் போனேன். இனி பகலில் மேசையில் வைக்கத் தேவையில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன். “பூரணிக்கு விஞ்ஞானம் போதாது, கவனியுங்கோ” என்றா மிஸ்.

வாசலில் பை சோதனை இன்னும் நடக்கிறது. நான் உள்ளே போகும்போதுகூட ஒரு பிள்ளையின் சோற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிஸ்ஸின் மேசையில் வேறு இரண்டு போன்கள் சார்ஜில் கிடந்தன. மூன்றாவதைக் கொடுக்க ஒரு பெண் வந்திருந்தா. சல்லிக் கிராமத்தில் இருந்து வந்தவ, இலட்சுமி என்று பெயர். மகள் எட்டாம் வகுப்பில். மூத்த மகனை வைகாசியில் கடற்கரையில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். அவனுக்குத் தெரிந்த இலக்கம் இதுதானாம். போனை மேசையில் வைத்துவிட்டும் கையை எடுக்கவில்லை.

சின்னராசா ஐயா என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்ததும் இலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டா.

“தங்கச்சி, உங்களுக்கு அடிச்சதாமே?”

“ஓம்.”

“எனக்கும் அடிக்குமோ?”

விறாந்தையில் ஒரு நீண்ட மர வாங்கு கிடந்தது. இருப்போம் அக்கா என்றேன். இரண்டு பேரும் இருந்தோம். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்று கந்தோருக்குப் பிந்தித்தான் போனேன்.